மேடம் ரத்தம்

தீபலட்சுமி சோதனைக் குழாயைச் சாய்த்தாள். உள்ளே இருந்தது தண்ணீர்போல் ஓடிவந்து விளிம்பைத் தொட்டது. நிமிர்த்தினாள். திரும்பிப் போய் அடியில் நின்றது.

இன்னொரு கையில் இருந்த தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பெருங்களத்தூர்க்காரர் ஒருவரின் பிடரிக் கட்டியிலிருந்து எடுத்த சீழ். ரத்தம் கலந்த சிவப்பு அகார் கூழின்மேல் கிருமி மஞ்சள் பொட்டுகளாக வளர்ந்திருந்தது. ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் ரத்தம் கரைந்து தெளிந்த வளையம். மைக்ராஸ்கோப்பில் ஊதா நிற உருண்டைகள் திராட்சைக் கொத்துபோலக் குவிந்திருந்தன. பெராக்சைடு ஒரு துளி விட்டதும் நுரைத்தது. பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று சொல்லிவிடக்கூடிய தட்டு. குழாய் மட்டும் இல்லை என்றது.

கொத்தாகச் சேர்ந்திருக்கும் இந்த உருண்டைக் கிருமிகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பக்கம், எல்லோர் தோலிலும் சும்மா குடியிருப்பவை. ஊசி போடும் இடத்தைச் சரியாகத் துடைக்காவிட்டால் ரத்த மாதிரியோடு ஒட்டிக்கொண்டு வரும். பெரும்பாலும் அதற்கு மருந்து தேவைப்படாது. மறுபக்கம் ஆரியஸ். அது ரத்தத்தில் இருந்தால் நோயாளியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. எலும்பிலோ நுரையீரலிலோ இதய வால்விலோ போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்த லேபில் இருந்த வழி குழாய்தான். பிளாஸ்மாவில் கிருமியைக் கலந்து உடல் சூட்டில் வைத்தால், ஆரியஸ் அதைத் தயிராக உறைய வைத்துவிடும். சாய்த்தாலும் நகராது. மற்றவை உறைய வைக்காது. பெரிய ஆஸ்பத்திரிகளில் கிருமியின் பெயரை மெஷினே அச்சடித்துத் தரும். முடிச்சூர் சாலையில் டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்த இந்த லேபில் அப்படி ஒன்று கிடையாது.

"தினா, இத எப்ப போட்டீங்க?"

தினகரன் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தான். லேபின் மூத்த டெக்னீஷியன் அவன்தான். "நேத்து மத்தியானம் மேடம். நாலு அவர்ல பாத்தேன், தண்ணியா கீது. சரின்னு நைட்டு ஃபுல்லா வுட்டு வெச்சேன். இப்பவும் அப்டியேதான் கீது."

"இந்தத் தட்டப் பாத்துமா உங்களுக்கு சந்தேகம் வரல?"

"வந்துது மேடம். அதான் ரிப்போர்ட் அடிக்காம உங்ககிட்ட காட்டலாம்னு வெச்சேன்."

"எந்த பிளாஸ்மா?"

"உங்களுதுதான் மேடம். வேற ஏது?"

இந்தச் சோதனைக்கு முயல் பிளாஸ்மாதான் வாங்குவார்கள். உலர்த்திய பொடியாகச் சின்னக் குப்பிகளில் வரும். சப்ளை செய்பவர் ஸ்டாக் இல்லை என்று கை விரிக்கிற மாதங்களில், ஊரில் பல சின்ன லேபுகள் செய்வதையே இவர்களும் செய்தார்கள். ஊழியர்களில் ஒருவர் கையை நீட்டுவார். ஒரு குழாய் ரத்தம் எடுத்துச் சுழற்சி மெஷினில் சுற்றவிட்டால் மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளிந்து நிற்கும். அதைப் பிரித்துச் சின்னக் குழாய்களில் ஊற்றி, கொடுத்தவர் பெயரை எழுதி உறைபெட்டியில் வைப்பார்கள். வழக்கமாக அது லேப் உதவியாளர் ஜான்சியுடையதாக இருக்கும். அவளுக்குக் கையில் நரம்பு எடுப்பாகத் தெரியும், ஊசியைப் பார்த்துப் பயப்படவும் மாட்டாள். போன தடவை அவள் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்துத் தீபலட்சுமி வேண்டாம் என்றுவிட்டாள். என்னுடையதை எடுங்கள், உங்களிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கிறது என்று சொல்லித் தன் கையை நீட்டினாள். டாக்டர் யாரும் இதுவரை அப்படிக் கொடுத்ததில்லை. அன்று தினகரன் குழாயின்மேல் பெயர் எழுதாமல் 'மேடம்' என்று மட்டும் எழுதினான். 'எம்.டி. படிச்ச ரத்தம், கிருமி தானா பேர சொல்லிடும்' என்று சிரிக்கவும் செய்தான்.

"புது பிளாஸ்மா எடுத்தப்ப கன்ட்ரோல் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

கன்ட்ரோல் என்பது பெயர் தெரிந்த கிருமி. ஆரியஸ் என்று உறுதியான ஒன்றை லேபிலேயே வளர்த்து வைத்திருப்பார்கள். புதிதாக எந்தப் பிளாஸ்மா வந்தாலும் முதலில் அதைக் கலந்து பார்க்க வேண்டும். அதை உறைய வைக்காத பிளாஸ்மாவை வைத்து வேறு எதையும் பார்க்கக் கூடாது.

தினகரன் கழற்றிய கையுறையைக் குப்பைத் தொட்டியில் போட்டான். மூலையில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த ஜான்சி ஒட்டுவதை நிறுத்தினாள்.

"போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன் மேடம்."

"உறைஞ்சுதா?"

"வரல மேடம்." அவன் தரையைப் பார்த்தான். "அந்த வாரம் மழைல ரெண்டு நாளு கரண்டு இல்லாம பூட்ச்சு பாருங்க. ஃப்ரிட்ஜ்ல கீற கன்ட்ரோல் ஸ்ட்ரெய்ன் செத்துட்ச்சுன்னு நெனச்சேன். புது ஸ்ட்ரெய்னுக்கு சொல்லி வெச்சிருந்தேன், இன்னும் வரல."

"செத்த கிருமி தட்டுல எப்படி வளரும்? தட்டுல வளர்ந்ததத்தான எடுத்து குழாய்ல போட்டிருப்பீங்க?"

"வளர்ந்துது மேடம். வீக்கா பூட்ச்சுன்னு..." அதற்குமேல் அவனால் இழுக்க முடியவில்லை. "பிளாஸ்மா உங்களுது மேடம். அதுல கோளாறுன்னு எப்டி வந்து சொல்றது?"

டயர் கடையில் காற்றடிக்கும் மோட்டார் ஓடத் தொடங்கி, கொஞ்ச நேரம் பேச்சு கேட்காதபடி செய்தது. தீபலட்சுமி குழாயைத் தாங்கியில் வைத்தாள். கோளாறு தன் பிளாஸ்மாவில்தான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

"ஜான்சி, உனக்கு இப்ப உடம்பு பரவாயில்லையா?"

"நல்லா இருக்கேன் மேடம். எடுங்க." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தினகரனைப் பார்த்து, "அண்ணா, நீ குத்தாத. நீ இன்னிக்கு இருக்கற நெலமைக்கு எலும்புல குத்திடுவ" என்றாள். அவன் சிரிக்கவில்லை.

தீபலட்சுமியே எடுத்தாள். பிறகு குளிர்பெட்டியிலிருந்து பழைய தட்டுகளை வெளியே எடுத்து வைத்தாள். நோயாளிகளின் ரத்தத்திலிருந்து கிருமி வளர்ந்த தட்டுகளைக் கொஞ்ச காலம் தூக்கிப்போடாமல் வைத்திருப்பது அவள் போட்ட விதி. அவளுடைய பிளாஸ்மாவை நம்பி 'தோல் கிருமி, மாசாக இருக்கலாம்' என்று அனுப்பியவற்றில் சில மட்டுமே மிச்சம் இருந்தன. அதற்கு முந்தையவை ஆட்டோகிளேவ் நீராவியில் வெந்து குப்பைக்குப் போய்விட்டன. இருந்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு குழாய்கள் போட்டாள். ஒன்றில் தன்னுடையது, மற்றதில் ஜான்சியுடையது. கன்ட்ரோலுக்கும் இரண்டு. சீழுக்கும் இரண்டு. இன்குபேட்டர் கதவை மூடிவிட்டு அதன் எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் இடது அக்குளில் ஒரு தழும்பு இருந்தது. கோடையில் வந்த கட்டி. கோழிமுட்டை அளவுக்குப் பெருத்து, கையைக் கீழே போட முடியாமல், கூடப் படித்த சர்ஜன் ஒருத்தியிடம் போய்க் கீறி எடுத்தாள். சீழைத் தானே லேபுக்குக் கொண்டுவந்து வளர்த்தாள். பொன் நிறத்தில் அழகாக வளர்ந்தது. 'பாருங்க, என் சொந்தக்காரர்' என்று எல்லோருக்கும் காட்டினாள். குழாய் வேகமாக உறைந்தது. அது முயல் பிளாஸ்மா. மருந்து சாப்பிட்டாள், ஆறியது. ஆறும்போது உடம்பு ஒரு வேலை செய்திருக்கும். அந்தக் கிருமி எதைக் கொண்டு பிளாஸ்மாவை உறைய வைக்கிறதோ, அதைப் பிடித்து நிறுத்தும் எதிர்ப்பொருளைச் செய்து ரத்தத்தில் நிறைத்திருக்கும். மனிதப் பிளாஸ்மாவில் அந்த ஆபத்து உண்டு என்று படித்திருக்கிறாள். மாணவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறாள். கையை நீட்டியபோது நினைவுக்கு வரவில்லை. கையை நீட்டிய டாக்டர் என்று எல்லோரும் அவளை வியந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளுக்கு அது பிடித்திருந்தது. நினைத்துப் பார்த்தால் அவ்வளவுதான் காரணம்.

மதியச் சாப்பாட்டை யாரும் திறக்கவில்லை. அவள் கதவைத் திறந்து குழாய்களை ஒவ்வொன்றாகச் சாய்த்தாள்.

கன்ட்ரோல்: ஜான்சியுடையதில் கெட்டியாக நின்றது, அவளுடையதில் ஓடியது. சீழும் அப்படியே. பழைய தட்டுகளில் பெரும்பாலானவை இரண்டிலுமே ஓடின. அவை உண்மையிலேயே தோல் கிருமிகள். ஒன்று மட்டும் ஜான்சியின் பிளாஸ்மாவில் உறைந்திருந்தது. தலைகீழாகக் கவிழ்த்தாள். விழவில்லை.

தட்டின் அடியில் தினகரன் எழுத்தில் பெயர் இருந்தது. தமிழினி. கிழக்குத் தாம்பரத்தில் டாக்டர் அப்பாதுரை நடத்தும் சின்ன நர்சிங் ஹோமிலிருந்து வந்தது. சிசேரியன், மூன்றாம் நாள் காய்ச்சல். இந்தத் தட்டில் பொட்டுகள் வெளேரென்று இருந்தன. மஞ்சளும் இல்லை, வளையமும் இல்லை. எல்லா ஆரியஸும் பொன் நிறத்தில் வருவதில்லை. ஒரே ஒரு பாட்டில்தான் அனுப்பியிருந்தார்கள், இன்னொன்றோடு ஒத்துப் பார்க்க வழி இல்லை. குழாய் உறையவில்லை. அவள் மாசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாசு என்று ஆனதால் எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனையைப் போடவே இல்லை. இப்போது அதைப் போடச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

"டாக்டர், உங்க பேஷன்ட் தமிழினி. சிசேரியன். பிளட் கல்ச்சர் அனுப்பினீங்க."

"ஆமா, கன்டாமினன்ட்னு குடுத்தீங்களே."

"அது தப்பு டாக்டர். ஆரியஸ்."

அந்தப் பக்கம் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம்.

"நான் ஆன்டிபயாடிக்க நிறுத்திட்டேனே மேடம்."

"தெரியும்."

"உங்க ரிப்போர்ட்டப் பாத்துதான் நிறுத்தினேன். காய்ச்சலும் எறங்கியிருந்துது. வீட்டுக்குப் போகணும்னு அந்தப் பொண்ணும் அழுதா."

"தெரியும் டாக்டர். இப்ப அவள உடனே அட்மிட் பண்ணணும்."

"பண்ணிடலாம், பண்ணிடலாம்." அவர் குரலைத் தணித்தார். "ரெண்டு பாட்டில் எடுத்திருந்தா எனக்கே சந்தேகம் வந்திருக்கும். இங்க யாரு ரெண்டு தடவ குத்த விடறாங்க? சரி, நீங்க ஒண்ணு பண்ணுங்க மேடம். முன்னாடி குடுத்தத பிரிலிமினரின்னு ஆக்கிடுங்க. இப்ப குடுக்கறது ஃபைனல். எல்லா லேப்லயும் நடக்கறதுதான். உங்களுக்கும் பிரச்சனை இல்ல, எனக்கும் இல்ல."

"அதுல ஃபைனல்னுதான் போட்டிருக்கேன்."

"சாஃப்ட்வேர்ல மாத்த முடியாதா?"

தீபலட்சுமி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். "முடியும்."

"அப்புறம் என்ன?"

"மொதல்ல அந்தப் பொண்ணு எங்க இருக்கா, சொல்லுங்க."

நர்சிங் ஹோமில் இருந்த எண் கணவன் சூர்யாவுடையது. அவன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அங்கே போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், ஷிப்ட் முடிந்துதான் கைக்கு வரும் என்று ரிசப்ஷனில் இருந்த பெண் சொன்னாள். அம்மாவின் எண் என்று ஒன்று இருந்தது. தற்போது உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது. தமிழினி பிரசவத்துக்கு அம்மா வீட்டில்தான் இருக்கிறாள்; செம்பாக்கம், ஏரிக்குப் பக்கத்துத் தெரு என்று ரிசப்ஷன் பெண்ணே சொன்னாள்.

"நான் கூட்டினு போறேன் மேடம்," என்றான் தினகரன். ஹெல்மெட்டை ஏற்கெனவே கையில் வைத்திருந்தான். "ஆட்டோல போனா கேம்ப் ரோடுலயே நின்னுகினு இருக்கணும்."

மேம்பாலம் ஏறி இறங்கி, கிழக்குப் பக்கம் வந்து சேர்வதற்குள்ளேயே நேரம் போய்விட்டது. பள்ளிக்கூட வேன்கள் வீடு திரும்பும் வேளை. விமானப் படைத் தளத்தின் பயிற்சி விமானம் ஒன்று தலைக்குமேல் உறுமிக்கொண்டு வட்டமடித்தது. சேலையூர் சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தினகரன் திரும்பாமலே பேசினான்.

"மேடம், எம்மேல எழுதிடுங்க."

"என்னத்த?"

"கன்ட்ரோல் வரலன்னு சொல்லாம வுட்டது நான். டெக்னீஷியன் தப்புன்னு எழுதுங்க. நான் வேற லேபுக்குப் பூடுவேன். உங்களுக்கு ஒண்ணுன்னா லேபே பூடும்."

"சிக்னல் விழுந்துடுச்சு, போங்க."

"நான் சீரியஸா சொல்றேன் மேடம்."

"நானும்தான். போங்க தினா."

ராஜகீழ்ப்பாக்கம் தாண்டியதும் வண்டி வேகம் எடுத்தது. ஏரிக்கரைப் பக்கம் திரும்பியபோது ஆகாயத்தாமரை மூடிய பரப்பு தெரிந்தது. நீர் இருக்கும் இடம் என்று நடுவில் நின்ற கொக்குகளை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. தெருமுனை இஸ்திரிக் கடையில் கேட்டதும், "கொயந்த பொறந்த வூடா? அந்தப் பச்ச கேட்டு, மாடி" என்று வழி காட்டினார்கள்.

கதவைத் திறந்தவள் தமிழினியின் அம்மா கனகவல்லி. தோளில் குழந்தை. பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயா வேலை பார்ப்பவள்; மகள் பிரசவத்துக்காக லீவு போட்டிருந்தாள். முன்பின் தெரியாத இருவரைப் பார்த்து, "யாரு? இன்னா வோணும்?" என்றாள்.

"அம்மா, நான் டாக்டர் தீபலட்சுமி. தமிழினிக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணின லேப்லேர்ந்து வரேன். அவங்களுக்கு இப்ப காய்ச்சல் இருக்கா?"

"முந்தாநேத்துலேர்ந்து கீது. பால் காய்ச்சல்தான. மாரு கல்லு மாரி கட்டிக்கினு கீது, காய்ச்சல் வராம இன்னா பண்ணும்? சுடுதண்ணி ஒத்தடம் குடுத்துகினு கீறேன்." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "லேப்லேர்ந்து வூட்டுக்கெல்லாம் வருவீங்களா?"

தீபலட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சன்னல் ஓரம் பாயில், இரண்டு போர்வைகளுக்குள் தமிழினி சுருண்டு கிடந்தாள். வெளியே வெயில் இருந்தது. அவள் பற்கள் தந்தியடித்தன. நெற்றியைத் தொட வேண்டிய தேவையே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்ததும் சூடு தெரிந்தது. தீபலட்சுமி நோயாளிகளைத் தொட்டுப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவளுக்கு வருவதெல்லாம் பாட்டிலும் தட்டும் பெயரும்தான். அவள் போர்வையை விலக்கி வலது கையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிய இடத்திலிருந்து முழங்கைவரை நரம்பு சிவந்து, கயிறுபோல் தடித்திருந்தது.

"வலிக்குதாம்மா?"

"அது ஊசி போட்ட வலி," என்றாள் தமிழினி. கண்ணைத் திறக்கவில்லை. "மூச்சுதான் வாங்குது."

"கெளம்புங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். சானடோரியம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு."

"எதுக்கு?" கனகவல்லி நகரவில்லை. "ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லன்னு அந்த டாக்டரே சொல்லித்தான அனுப்பிச்சாரு. நான் கேட்டேன் அவர. வூட்டுக்கு இட்டுனு போலாமான்னு ரெண்டு தபா கேட்டேன். ஒண்ணுமில்லம்மா, தோல்மேல கீற கிருமி, எல்லாருக்கும் கீறதுன்னாரு."

"அந்த ரிப்போர்ட் நான் குடுத்தது. தப்பா குடுத்துட்டேன். ரத்தத்துல கெட்ட கிருமி இருக்கு."

குழந்தை சிணுங்கியது. கனகவல்லி அதைத் தட்டிக்கொண்டே தீபலட்சுமியைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று தினகரன் ஒரு அடி முன்னால் வந்தான். அவள் திட்டவில்லை. குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, அலமாரியைத் திறந்து, மகளுக்கு ஒரு நைட்டியும் துண்டும் பைக்குள் திணித்தாள். துண்டு இரண்டு முறை கீழே விழுந்தது.

"நான் சுடுதண்ணி ஒத்தடம் குடுத்துகினு கீறேன்," என்று பையிடம் சொன்னாள். "முந்தாநேத்துலேர்ந்து."

ஆட்டோவில் தமிழினியை நடுவில் உட்கார வைத்து குழந்தையை மடியில் வைத்திருந்த கனகவல்லியும் தீபலட்சுமியும் தாங்கிக்கொண்டார்கள். தினகரன் முன்னால் பைக்கில் போய் ஹாரன் அடித்து வழி விலக்கினான். வழியில் கனகவல்லி ஒரே ஒரு முறைதான் பேசினாள். "அன்னிக்கே சரியா சொல்லியிருந்தா?"

"மருந்த நிறுத்தியிருக்க மாட்டாங்க."

"அப்ப இது வந்திருக்காது."

"வந்திருக்காதுன்னு உறுதியா சொல்ல முடியாது. இவ்வளவு ஆகியிருக்காது."

கனகவல்லி தலையை அசைத்தாள். கணக்குப் புரிந்ததுபோல அசைத்தாள்.

அவசரப் பிரிவில் இருந்த டூட்டி டாக்டர் சின்னப் பெண். தீபலட்சுமி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: ரத்தத்தில் ஆரியஸ், முந்தைய அறிக்கை தவறு, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது நாளை தெரியும், அதுவரை காத்திருக்க வேண்டாம். அந்தப் பெண் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கையிலும் ரத்தம் எடுக்கச் சொன்னாள். பிறகு ஸ்டெதஸ்கோப்பைத் தமிழினியின் நெஞ்சில் வைத்தாள். இடது பக்கம் வைத்தவள் எடுக்கவே இல்லை. கொஞ்சம் நகர்த்தி மறுபடி வைத்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமியதும் கையை உயர்த்தி அமைதி காட்டினாள்.

"எக்கோ எடுத்து வால்வப் பாக்கணும்," என்றாள். "கார்டியாலஜிக்கு சொல்றேன்." தீபலட்சுமியிடம் தனியாக, "மர்மர் சத்தம் மாதிரி கேக்குது மேடம். முன்னாடி இருந்துதான்னு தெரியல" என்றாள்.

"முன்னாடி இல்ல." அது தீபலட்சுமிக்கும் தெரியாது. ஆனால் வாய் அப்படிச் சொல்லிவிட்டது.

மருந்து ஏறத் தொடங்கியது. தமிழினி ஒருமுறை கண் திறந்து, "பாப்பாக்குப் பால்?" என்று கேட்டாள். நர்ஸ் யாரையோ விசாரித்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

வராந்தாவில் கனகவல்லி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை கத்திக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அட்மிஷனுக்குக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். கனகவல்லி சுற்றிலும் பார்த்தாள். கொடுப்பதற்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் குழந்தையைத் தீபலட்சுமியை நோக்கி நீட்டினாள்.

"கொஞ்சம் புடிங்க."

தீபலட்சுமியின் கை நீண்டது, பாதியில் நின்றது. "கை கழுவிட்டு வந்துடறேன்மா. ஒரே நிமிஷம்."

கழிவறைக் குழாயில் முழங்கைவரை கழுவினாள். நகக்கண்களைத் தேய்த்தாள். போதும் என்று தோன்றிய பிறகும் தேய்த்தாள். அக்குளில் ஆறிப்போன தழும்பு இருந்த இடம் அரிப்பதுபோல இருந்தது. ஆறிய இடம் அரிக்காது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பிளாஸ்மாவை வைத்துப் பெயர் வைத்து அனுப்பிய மற்றவர்கள் நினைவுக்கு வந்தார்கள். தட்டுகூட மிஞ்சாதவர்கள். மேடவாக்கத்திலிருந்து ஒருவர், காட்டாங்குளத்தூர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பையன் ஒருவன். அவர்களுக்கு என்ன பெயர் சரி என்று இனி எந்தக் குழாயும் சொல்லாது. போன் செய்து, இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் கேட்க முடியும். டாக்டர் அப்பாதுரையின் எண்ணிலிருந்து வந்த தவறிய அழைப்புகள் போன் திரையில் வரிசையாக நின்றன.

ஈரக் கையோடு அவள் திரும்பி வந்தபோது குழந்தை வேறொருவன் தோளில் இருந்தது. நீல யூனிபாரம், கழுத்தில் அடையாள அட்டை, காலில் கம்பெனி ஷூ. கேட்டில் போனை வாங்கி, தினகரன் அனுப்பியிருந்த தகவலைப் பார்த்ததும் நேராக ஓடிவந்திருக்கிறான். மூச்சு இன்னும் அடங்கவில்லை. பக்கத்தில் தினகரன் தண்ணீர் பாட்டிலோடு நின்றான்.

"இவங்கதான்," என்றாள் கனகவல்லி.

சூர்யா அவளைப் பார்த்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கோபப்படுவதா கும்பிடுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. வீடு தேடி வந்து அழைத்து வந்தவளும் இவள்தான் என்றும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ரிப்போர்ட் மாறிடுச்சுன்னு அத்த சொன்னாங்க," என்றான். "மெஷின் மிஸ்டேக்கா மேடம்?"

குரலில் குற்றச்சாட்டு இல்லை. கேள்வியோடு பதிலையும் அவனே கையில் கொண்டுவந்திருந்தான். அவன் வேலை செய்யும் இடத்தில் நாள்தோறும் ஏதாவது ஒரு மெஷின் தவறு செய்யும். ஆள் வந்து சரிசெய்வான். லைன் மறுபடி ஓடும். அவனுக்குப் பின்னால் தினகரன் மெல்லத் தலையை ஆட்டினான். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் மேடம் என்று அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம்.

"எங்க லேப்ல அதுக்கு மெஷின் இல்ல," என்றாள் தீபலட்சுமி. "மனுஷ ரத்தத்துல போட்டுத்தான் பாப்போம். அந்த ரத்தம் என்னோடது."

அவனுக்குப் புரியவில்லை. கனகவல்லிக்கும் புரியவில்லை. குழந்தை மட்டும் அழுகையை நிறுத்தி விக்கியது.

"உக்காருங்க தம்பி. மொதல்லேர்ந்து சொல்றேன். எனக்கு கோடைல ஒரு கட்டி வந்துது."

அவன் உட்காரவில்லை. குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, நின்றபடியே கேட்டான்.